சமையலறைச் சுவரில் ஒரு குடித்தனம்

இரவு பத்து மணிக்கு மேல் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் எதிர்வீட்டுப் பெண். கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்து, கணவரோடு எங்கள் புளோக்கில் வாடகைக்குக் குடியேறி ஒரு வாரம்கூட ஆகவில்லை. கையில் துடைப்பம். "ஆன்ட்டி, சமையலறையில் பல்லி இருக்கிறது. கொஞ்சம் வருகிறீர்களா?" என்றாள். குரலில் பயம் இருந்தது. அதைவிட அதிகமாக ஏமாற்றம் இருந்தது. போகும் வழியிலேயே இரண்டு கேள்விகள் கேட்டாள். சிங்கப்பூரிலுமா பல்லி? அதுவும் பதினாலாவது மாடிக்கு எப்படி ஏறி வந்தது?

இரண்டும் நல்ல கேள்விகள். செம்பவாங்கில் பலகை வீட்டில் பிறந்து, பிறகு அடுக்குமாடிக்கு மாறி, அறுபது வயதைத் தொடும் இன்றுவரை பல்லி இல்லாத வீட்டில் நான் இருந்ததே இல்லை. அன்றிரவு அவளிடம் சொன்னதையும், பிறகு அவள் கேட்கக் கேட்கச் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பல்லியைக் கண்டால் உடல் கூசுகிறவர்களுக்காகவே எழுதுகிறேன். அந்தக் கூச்சம் உண்மையானது. அதை யாரும் கேலி செய்யக் கூடாது. ஆனால் சுவரில் இருப்பது என்ன, ஏன் வந்தது, என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்தால் அந்தக் கூச்சம் பாதியாகக் குறைகிறது. இது என் அனுபவம்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். பல்லிக்கு வெதுவெதுப்பு வேண்டும், இரவில் பூச்சி வேண்டும், பகலில் ஒளிந்துகொள்ள ஓர் இடுக்கு வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டி இருக்கும் இந்தத் தீவில் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்புக்குக் குறைவில்லை. மற்ற இரண்டையும் நாமே கொடுக்கிறோம். அடுக்குமாடியின் பொது நடைபாதையில் இரவு முழுக்க விளக்கு எரிகிறது. அந்த வெளிச்சத்துக்கு அந்துப்பூச்சியும் கொசுவும் வருகின்றன. மழை விட்ட மாலையில் ஈசல் கூட்டம் கூட்டமாக வந்து விழுகிறது. பூச்சியின் பின்னால் பல்லி வருகிறது. நம் வாசல் விளக்கடியில் வயிறார உண்ட பல்லிக்குக் கதவின் அடியில் ஒரு சந்து தெரிந்தால் உள்ளே வர அழைப்பிதழா வேண்டும்?

இப்படி மனிதர் குடியிருக்கும் இடத்தை அண்டி, நம் விளக்கையும் சுவரையும் தன் பிழைப்புக்குப் பயன்படுத்திக்கொண்டு, நம்மைச் சுரண்டாமல் வாழும் உயிர்களை அண்டிவாழ் உயிர்கள் என்று சொல்லலாம். சிட்டுக்குருவி அப்படித்தான், வீட்டுப் பல்லியும் அப்படித்தான். நாம் வளர்க்கும் பிராணியின் உரிமை அதற்குக் கிடையாது. அதற்காக அது கரப்பான்பூச்சியின் வரிசையில் வைத்து ஒழிக்க வேண்டிய பூச்சியினமும் ஆகிவிடாது. அதற்கு நம்மிடம் எந்த நாட்டமும் இல்லை. அது தேடி வருவது நம் வீட்டுப் பூச்சியை. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்போகும் எல்லாம் தானாகப் புரியும்.

கோயம்புத்தூரில் அவள் பார்த்த பல்லியும் இங்கே சுவரில் இருந்ததும் ஒரே இனமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஹெமிடாக்டிலஸ் ஃப்ரெனாடஸ் என்ற அறிவியல் பெயர் கொண்ட பொது வீட்டுப் பல்லிக்குத் தென்னாசியாவும் தென்கிழக்காசியாவும் தாயகம். கப்பல் சரக்குகளில் ஒளிந்துகொண்டு அது பசிபிக் தீவுகள், ஆஸ்திரேலியா, அமெரிக்கக் கண்டங்கள் வரை போய்விட்டது. நம் முன்னோர் இங்கே கப்பலேறி வந்தபோது, அவர்கள் கூடையிலும் பெட்டியிலும் எத்தனை பல்லிகள் சேர்ந்து வந்தனவோ என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

பெயர் வைத்திருக்கும் விதமும் அழகு. மலாய்க்காரர்கள் அது எழுப்பும் ஓசையையே பெயராக்கிச் 'சிச்சா' என்கிறார்கள். சீனத்தில் 'பீஹூ', அதாவது சுவர்ப்புலி. இரவில் விளக்கருகே அசையாமல் படுத்திருந்து, ஒரு நொடியில் அந்துப்பூச்சியைக் கவ்வும் காட்சியைப் பார்த்தவர்தான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும்.

ஒரே வீட்டில் இரண்டு மூன்று இனங்கள் இருப்பதும் உண்டு. உற்றுப் பாருங்கள். வாலைச் சுற்றி வரிசையாகச் சிறு முட்கள் போல இருந்தால் அது பொது வீட்டுப் பல்லி; சத்தம் போடுவதும் பெரும்பாலும் அதுதான். உடல் தட்டையாக, வால் அகலமாக, ஓரத்தில் ரம்பப்பல் போன்ற விளிம்போடு, விலாவில் தோல் மடிப்போடு இருந்தால் தட்டைவால் பல்லி. கொஞ்சம் குண்டாக, வெளிறிய இளஞ்சிவப்பு நிறத்தில் இருப்பது நான்குநகப் பல்லி. அதன் உள்விரலில் நகம் இராது. இதன் தோல் மிக மெல்லியது, பிடித்தால் கிழிந்துவிடும். குழந்தைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். கடலோரப் பகுதிகளில் இன்னொரு சிறிய பல்லி உண்டு. அதன் கூட்டத்தில் ஏறக்குறைய எல்லாமே பெண்; ஆணின் துணையில்லாமலே முட்டையிட்டு இனம் பெருக்குகிறது. இதைப் படித்தபோது நான் அசந்துபோனேன்.

நிறத்தை மட்டும் வைத்து அடையாளம் காண முயலாதீர்கள். பகலில் கருத்திருந்த பல்லியே இரவில் வெளிறித் தெரியும்.

பதினாலாவது மாடிக்கு

இரண்டாவது கேள்விக்கு விடை அதன் காலில் இருக்கிறது. பலர் நினைப்பதுபோல அங்கே பசை இல்லை. அட்டை உறிஞ்சுவதுபோல உறிஞ்சுவதும் இல்லை.

பல்லியின் விரலடியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் குறுக்கே வரிவரியாக மடிப்புகள் தெரியும். ஒவ்வொரு மடிப்பிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள். டோக்கே என்ற பெரிய பல்லியின் ஒரு பாதத்தில் மட்டும் ஏறக்குறைய 500,000 மயிர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மயிரும் நுனியில் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. அந்தக் கிளைநுனிகளை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டருக்குள் 5,000 அடங்கும். அவ்வளவு நுண்ணிய நுனி சுவரை மிக மிக நெருங்கும்போது, சுவரின் மூலக்கூறுகளுக்கும் நுனியின் மூலக்கூறுகளுக்கும் இடையே ஒரு சிறிய ஈர்ப்பு உண்டாகிறது. வான் டெர் வால்ஸ் விசை என்று அதற்குப் பெயர். ஒரு நுனியின் ஈர்ப்பு ஒன்றுமேயில்லை. கோடிக்கணக்கான நுனிகள் ஒரே நேரத்தில் ஈர்த்தால் பல்லி கூரையில் தலைகீழாக நடக்கிறது. ஒற்றை மயிரின் பிடிப்பை ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் அளந்தார்கள். காரணம் இந்த விசைதான் என்பதற்கான சான்று 2002இல் வெளியானது. அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து மனிதர்கள் வியந்து பார்த்த ஒன்றுக்கு விடை கிடைத்தது நேற்றைக்குத்தான் என்று சொல்ல வேண்டும்.

ஒட்டுவது எளிது என்றால் எடுப்பது எப்படி? பல்லி தன் விரல்களை நுனியிலிருந்து பின்புறமாகச் சுருட்டி எடுக்கிறது, ஒட்டிய தாளை ஓரத்திலிருந்து உரிப்பதுபோல. ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் இதைச் செய்கிறது. ஒட்டிக்கொண்டிருப்பதற்கு மூளையின் கட்டளையோ தசையின் வலுவோ வேண்டியதில்லை என்பதால், இறந்த பல்லிகூடச் சிலநேரம் சுவரில் ஒட்டியே இருக்கும். ஒட்டாத வாணலிகளுக்குப் பூசும் டெஃப்லானில் மட்டும் அதன் ஜம்பம் பலிக்காது. ஈரக் காலோடும் பிடிப்பு குறையும்.

அப்படியானால் அது ஏன் தலையில் விழுகிறது? சண்டை போட்டால் விழும், திடுக்கிட்டால் விழும், பூச்சியைப் பிடிக்கத் தாவித் தவறினால் விழும். நம்மைக் குறிபார்த்து அது குதிப்பதில்லை. விழும்போதும் வாலைச் சுழற்றி நடுவானிலேயே உடலைத் திருப்பிக்கொண்டு காலூன்றி இறங்குகிறது. தட்டைவால் பல்லியை வைத்து 2008இல் இதை ஆராய்ந்து காட்டினார்கள். அதே பல்லி தண்ணீரின் மேற்பரப்பில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது என்று 2018இல் இன்னோர் ஆய்வு சொன்னது. அந்த ஆய்வுக்கு விதை போட்டது சிங்கப்பூர்க் காட்டில், மழைநீர்த் தேக்கத்தின் மேல் ஒரு பல்லி ஓடியதை ஆய்வாளர் கண்ட காட்சி. நம் புளோக்கில் ஓடுவதும் அந்த இனம்தான்.

சகுனமும் சத்தமும்

என் பாட்டி, பேச்சுக்கு நடுவே பல்லி கத்தினால் உடனே விரலால் தரையில் மூன்று முறை தட்டி, "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்பார். சொன்னது நடக்கும் என்பது அவர் நம்பிக்கை. பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலனுக்கென்று தனிப் பக்கமே இருக்கிறது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் பொன் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்கிவிட்டால் பல்லி தோஷம் போய்விடும் என்று, சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போகிறவர்களும் அங்கே போய்வருகிறார்கள். இவற்றை நான் மறுத்துப் பேசவில்லை. ஒரு சமூகம் இத்தனை நூறு ஆண்டுகள் ஓர் உயிரைக் கூர்ந்து கவனித்திருக்கிறது என்பதற்கு இவை அடையாளம். 'ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி' என்ற பழமொழியும் அதே கவனிப்பிலிருந்துதான் வந்தது. பல்லி ஈரம் தேடிப் பானைக்கு வரும், வழுக்கினால் உள்ளே விழும் என்பது வீட்டில் பார்த்துத் தெரிந்துகொண்ட செய்தி.

சத்தத்துக்கான காரணம் வேறு. ஊர்வனவற்றில் பெரும்பாலானவை ஊமை. பல்லிக்குக் குரல் உண்டு. 'சிக் சிக் சிக்' என்று அடுக்கடுக்காகக் கத்துவது பெரும்பாலும் 'இது என் இடம்' என்று மற்ற ஆணுக்குச் சொல்வதற்கோ துணையை அழைப்பதற்கோதான். சங்கப் பாட்டிலேயே, பாலை வழியில் செங்கால் பல்லி தன் துணையை அழைக்கும் ஓசை வருகிறது. ஆறலைக் கள்வர் அம்பை நகநுனியில் புரட்டும் ஓசையைப் போல அது இருக்கிறதாம். இன்றைய உயிரியல் சொல்வதும் அதையேதான்: பல்லி துணையை அழைக்கிறது. விளக்குக்கு மிக அருகில் உள்ள இடம் எப்போதும் பெரிய பல்லிக்கே. சின்னவை ஓரத்தில் நிற்கும். ஓர் இரவு நாற்காலி போட்டு அமர்ந்து பாருங்கள், அந்தச் சுவரில் நடக்கும் எல்லைத் தகராறு தெளிவாகத் தெரியும்.

அதன் கண்ணையும் அப்போது பாருங்கள். வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் ஒளிபுகும் தோலை நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்கிறது.

வாலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் அலறுவது அறுந்த வால் துடிப்பதைப் பார்த்துத்தான். பல்லியின் வாலெலும்புக் கணுக்களில் உடைவதற்கென்றே கோடு போட்டதுபோல ஒரு நலிந்த இடம் அமைந்திருக்கிறது. எதிரி பிடித்தால் அந்த இடத்தில் தசையை இறுக்கி, வாலைத் தானே உதறிவிடுகிறது. ரத்தம் அதிகம் வருவதில்லை. அறுந்த வாலிலுள்ள நரம்புகள் சில நிமிடம் தாமாகவே இயங்குவதால் அது துள்ளுகிறது. பூனையோ பறவையோ துள்ளும் வாலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பல்லி தப்பிவிடுகிறது. வால் திரும்ப வளரும். ஆனால் புதிய வாலில் எலும்பு இராது, குருத்தெலும்புக் குழல்தான் இருக்கும்; முட்களும் பழைய அழகும் வராது. வழவழப்பான, நிறம் மாறிய வாலோடு ஒரு பல்லியைப் பார்த்தால், அது ஒருமுறை சாவிலிருந்து தப்பித்த பல்லி என்று தெரிந்துகொள்ளலாம். வாலில்தான் அது கொழுப்பைச் சேமித்து வைக்கிறது. வாலை இழப்பது என்றால் சேமிப்பு முழுவதையும் கொடுத்து உயிரை வாங்குவது. அதனால்தான் துடைப்பத்தால் அடித்து விளையாட்டுக் காட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

விஷமா?

இல்லை. வீட்டுப் பல்லிக்கு நஞ்சுப் பல் கிடையாது, தோலிலும் நஞ்சு கிடையாது. எடுத்துக் கையில் பிடித்தால் பயத்தில் கடிக்கலாம். அது ஓர் ஊசி உரசியதுபோல இருக்கும், அவ்வளவுதான். 'பல்லி விழுந்த பாலைக் குடித்தவர் செத்துப்போனார்' என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்திருப்பதால் இது பலருக்கு நம்ப முடிவதில்லை.

ஆனால் பயத்துக்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. மற்ற ஊர்வனவற்றைப் போலப் பல்லியின் குடலிலும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும். அது உணவில் கலந்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். சிறு குழந்தைக்கும் முதியவருக்கும் கடுமையாகும். ஆகவே பல்லி விழுந்த உணவைக் கொட்டிவிடுவது சரிதான். இரவில் குழம்புச் சட்டியை மூடுங்கள், தண்ணீர்க் கூசாவை மூடுங்கள், கெட்டிலின் மூடியையும் மூடுங்கள். காலையில் வெட்டுப் பலகையைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். தெரியாமல் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் நஞ்சு உண்டதாகப் பதற வேண்டாம். வயிறு கெட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

எச்சத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கருப்பாக, ஒரு முனையில் வெள்ளைப் பொட்டோடு இருந்தால் அது பல்லியின் எச்சம். பல்லி நம்மைப்போல நீராகச் சிறுநீர் கழிப்பதில்லை. யூரிக் அமிலத்தைக் கட்டியாக வெளியேற்றுகிறது, அதுதான் அந்த வெள்ளை. எலிப் புழுக்கையில் இந்த வெள்ளை இராது. எலியா பல்லியா என்று குழம்புகிறவர்களுக்கு இதைவிட எளிய வழி இல்லை. காய்ந்த எச்சத்தைச் சுரண்டாதீர்கள், தூள் பறக்கும். ஈரத்தாளை இரண்டு நிமிடம் அதன்மேல் வைத்து ஊறவிட்டுத் துடையுங்கள். பிறகு சோப்பால் கை கழுவுங்கள். மேலே அண்ணாந்து பார்த்தால் பல்லியின் வழக்கமான இடம் தெரியும். அதற்கு நேர்கீழே பாத்திரம் வைக்காதீர்கள்.

பல்லி கொசுவைத் தின்னும், கரப்பான் குஞ்சைத் தின்னும், கறையானின் ஈசலைத் தின்னும், சிலந்தியைத் தின்னும். இதனால் நன்மை உண்டு. ஆனால் டெங்கியைப் பல்லி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில் கடிக்கிறது. பல்லி வேட்டையாடுவது இரவில். பூந்தொட்டித் தட்டிலும் வாளியிலும் தேங்கிய நீரைக் கொட்டும் வேலை நம்முடையதேதான்.

வேண்டாம் என்றால் என்ன செய்வது

எதிர்வீட்டுப் பெண் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி ஆன்ட்டி, ஆனால் என் சமையலறையில் வேண்டாம்" என்றாள். அதுவும் நியாயமான பேச்சு. அடித்துக் கொல்வதால் பயன் இல்லை என்பதை மட்டும் அவளிடம் சொன்னேன். பூச்சியும் வெளிச்சமும் இருக்கும்வரை காலியான இடத்துக்கு அடுத்த பல்லி வந்து சேரும். காரணத்தைத்தான் குறைக்க வேண்டும்.

முதலில் விளக்கு. வெண்மையும் நீலமும் கலந்த ஒளி பூச்சிகளை அதிகம் இழுக்கும், மஞ்சள் ஒளி குறைவாக இழுக்கும். சமையலறையிலும் வாசல் பக்கத்திலும் மஞ்சள் விளக்குப் போட்டாலே வித்தியாசம் தெரியும். மாலையில் விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் ஜன்னலைச் சாத்திவிடுங்கள், அல்லது கொசுவலை மாட்டுங்கள். வாசல் கதவின் அடிச்சந்துக்கு ரப்பர் பட்டை ஒட்டுங்கள். கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. அரிசி மணியும் ரொட்டித் துகளும் சிந்திக் கிடந்தால் எறும்பும் கரப்பானும் வரும், அவற்றுக்காகப் பல்லி வரும். பழப்பாகு போன்ற இனிப்பைப் பல்லியே நக்குவதும் உண்டு.

பலர் மறந்துவிடும் வழி ஒன்று இருக்கிறது: ஏர்கான் குழாய் சுவரைத் துளைத்து வரும் ஓட்டை. அதை அடைத்திருந்த மாவுப்பசை சில ஆண்டுகளில் காய்ந்து உதிர்ந்துவிடும். பிறகு அதுவே பல்லிகளின் ராஜபாட்டை. போன ஆண்டு எங்கள் படுக்கையறை ஏர்கான் திடீரென்று நின்றுபோனது. பழுதுபார்க்க வந்தவர் வெளியே இருந்த பெட்டியைத் திறந்து, மின்சுற்றுப் பலகையின் மேல் கருகிக் கிடந்த ஒரு பல்லியைக் காட்டினார். வெதுவெதுப்பைத் தேடி உள்ளே போய், இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் மிதித்திருக்கிறது. அதற்கும் துன்பம், எங்களுக்கும் பெருஞ்செலவு. ஏர்கான் சர்வீஸ் செய்ய ஆள் வரும்போது அந்த ஓட்டையை அடைத்துத் தரச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. அவற்றில் எனக்குத் தயக்கமே இல்லை. எலிக்கு வைக்கும் பசை அட்டையைப் பல்லிக்கு வைக்காதீர்கள். அதில் ஒட்டிக்கொண்ட பல்லி உடனே சாவதில்லை. தோல் கிழியக் கிழியத் திமிறி, நீண்ட நேரம் தவித்துச் சாகிறது. எங்கள் நடைபாதையில் யாரோ வைத்த அட்டையில் மூன்று பல்லிகளையும் ஒரு சிட்டுக்குருவியையும் ஒன்றாகப் பார்த்திருக்கிறேன், குருவி இறந்துவிட்டிருந்தது. அப்படி ஒட்டியிருக்கும் பல்லியைக் கண்டால் இழுக்காதீர்கள். சமையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, ஒட்டிய ஓரங்களில் சிறிது சிறிதாக ஊற விட்டால் பசை நெகிழும். பிறகு மெல்லத் தள்ளி எடுக்கலாம். அன்று மூன்றில் இரண்டைக் காப்பாற்றினேன்.

அலமாரியிலும் மூலைகளிலும் அந்துருண்டையைக் கொட்டி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய. அதில் உள்ள நாப்தலீன் மனிதருக்கே நஞ்சு. முக்கியமாக ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி ஒன்று பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை அழித்து, கடும் மஞ்சள் காமாலை வரை கொண்டுபோகும். சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு 1965 முதல் இந்தக் குறைபாட்டுக்கான பரிசோதனை செய்வதும், குறைபாடு இருந்தால் வீட்டில் அந்துருண்டையே வைக்கக் கூடாது என்று பெற்றோரை எச்சரிப்பதும் அதனால்தான். பல்லியை விரட்டப்போய்ப் பிள்ளைக்கு ஆபத்தை வரவழைக்காதீர்கள். முட்டை ஓட்டைத் தொங்கவிடுவதும் மயிலிறகு வைப்பதும் ஆபத்தில்லாதவை. ஆனால் என் வீட்டில் பலன் தந்ததில்லை. முட்டை ஓட்டின் மேலேயே ஒரு பல்லி உட்கார்ந்திருந்தது.

உள்ளே வந்துவிட்டதை வெளியேற்ற அகலமான நெகிழிப் பெட்டி ஒன்று போதும். பல்லி சுவரில் நிற்கும்போது பெட்டியைக் கவிழ்த்து மூடுங்கள். ஒரு தடித்த அட்டையைச் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே மெல்ல நுழையுங்கள். அப்படியே எடுத்துப்போய்க் கீழே செடிகள் பக்கம் விடுங்கள். வாலைத் தொடவே தொடாதீர்கள். குளியலறைத் தொட்டியில் வழுக்கி மேலே ஏற முடியாமல் கிடந்தால், ஒரு துணியின் முனையை உள்ளே தொங்கவிட்டுவிட்டுப் போங்கள். காலையில் பார்த்தால் இருக்காது. பிடித்ததை வளர்க்கலாம் என்று பிள்ளைகள் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளிநாட்டுக் காணொளிகளில் வரும் சிறுத்தைப் பல்லி போன்றவற்றை வளர்க்கவும் சிங்கப்பூரில் அனுமதி இல்லை.

கீழே புல்வெளியில் வழவழவென்று வெண்கல நிறத்தில் ஓடுவது அரணை. 'அரணை நக்கினால் மரணம்' என்று நாம் பயமுறுத்தி வைத்திருக்கும் அந்த உயிருக்கும் நஞ்சு கிடையாது. இங்குள்ள வெயில் அரணை குட்டி போடுகிறது என்பது கூடுதல் வியப்பு. வேலிச்செடியில் தலை சிவந்து நிற்பது நம் ஊர் ஓணானேதான். 1980களில்தான் இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தது. அது பெருகியபின் இங்கேயே இருந்த பச்சை ஓணான் மரங்கள் அடர்ந்த பகுதிகளுக்கு ஒதுங்கிவிட்டது. கழுத்துச் சிவப்பு இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு வரும் நிறம். ரத்தம் குடித்து வந்ததில்லை. இவை இரண்டும் வீட்டுக்குள் தங்காது. தவறி வந்தால் கதவைத் திறந்து வைத்து, சற்று ஒதுங்கி நின்றால் போதும்.

இரண்டு மாதம் கழித்து எதிர்வீட்டுப் பெண் மறுபடி கதவைத் தட்டினாள். இந்தமுறை கையில் துடைப்பம் இல்லை. சாமி படத்தைத் துடைக்க எடுத்தபோது, சட்டத்தின் பின்னால் கொண்டைக்கடலை அளவில், சுண்ணாம்பு நிறத்தில் இரண்டு உருண்டைகள். பல்லி ஒரு தடவைக்குப் பெரும்பாலும் இரண்டு முட்டைகள்தான் இடும். தாயின் வயிற்றுத் தோல் வழியாகவே அவை வெள்ளையாகத் தெரியும். சட்டத்தை மாற்ற வேண்டியிருந்ததால் முட்டைகளை எடுக்காமல் முடியாது. ஊர்வனவற்றின் முட்டையைக் கோழிமுட்டைபோலத் திருப்பிப் போடக் கூடாது, உள்ளே இருக்கும் கரு செத்துவிடக்கூடும். பென்சிலால் மேல்பக்கம் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி மேலேயே இருக்கும்படி தேக்கரண்டியால் எடுத்து, பஞ்சு போட்ட தீப்பெட்டியில் வைத்தோம். பெட்டியைப் பாதி திறந்து, வாசலுக்கு வெளியே செருப்பு அலமாரியின் பின்னால், மழை படாத மூலையில் செருகினாள்.

போன வெள்ளிக்கிழமை காலை அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. பஞ்சின் மேல் இரண்டு உடைந்த ஓடுகள். அதற்கு மேலே நடைபாதைச் சுவரில், விரல்நீளம்கூட இல்லாத ஒரு குஞ்சு, விளக்கை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.